காணா விழுப்புண்

களத்தில் நின்று மார்பிலே ஏற்ற புண்ணுக்கு விழுப்புண் என்று பெயரிட்டுப் போற்றிய மொழி நம்முடையது. வீழ்ந்த வீரனுக்கு நடுகல் நட்டார்கள். அவன் பெயரும் பீடும் அதிலே பொறித்தார்கள். அத்தோடும் நின்றார்கள் அல்லர். குருதி சிந்தியவன் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்றும் நெய்த்தோர்பட்டி என்றும் நிலம் விட்டதைப் பழைய கல்வெட்டுகள் பேசுகின்றன. புகழ் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம்; இரண்டும் சேர்ந்ததே நன்றி என்பதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள்.

ஆயினும் அம்மரபுக்கும் ஓர் எல்லை உண்டு. புண் கண்ணுக்குப் புலப்பட வேண்டும். அம்பு தைக்காமலும் வாள் தீண்டாமலும் ஒரு போர்வீரனின் உடல் உள்ளிருந்தே நரம்பு நரம்பாக அற்றுப்போகுமானால், அதற்கு என்ன பெயர்? அதற்குக் கடன்பட்டவர் யார்? இவ்வினாவை நாங்கள் ஏடுகளிலிருந்து எடுக்கவில்லை. தில்லி இராமகிருஷ்ணபுரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பின் முன்னறையில், நீர் சொட்டும் கூலரின் எதிரே, ஒரு கயிற்றுக் கட்டிலில் அவ்வினா பல கோடைகள் படுத்திருந்தது.

அவன் எங்களுள் ஒருவருக்கு உடன்பிறந்த தம்பி; மற்றவருக்கு மைத்துனன்; பிள்ளையில்லாத எங்கள் இருவருக்கும் பிள்ளை போன்றவன். வேலூரை அடுத்த எங்கள் ஊர்ப்பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்தில் இருப்பார்கள். ஆகையால் 1987-ஆம் ஆண்டில், தன் 19-ஆம் வயதில் அவன் படையில் சேர்ந்தது எவருக்கும் வியப்பாகத் தோன்றவில்லை. சேர்ந்த நாளில் அவனை நிறுத்திவைத்து மார்பை அளந்தார்கள். கண்ணையும் காதையும் சோதித்தார்கள். பாதத்தின் வளைவைக்கூடப் பார்த்தார்கள். குறை ஏதும் இல்லை என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். அந்தத் தாள் பின்னாளில் எங்களுக்கு எத்துணை மதிப்புடையதாகும் என்பதை அன்று யார் அறிவார்?

1991-ஆம் ஆண்டுக் கோடையில் இராசத்தான் மணற்பரப்பில் நடந்த பயிற்சியின்போது அவனுக்கு வலக்கண் மங்கியது. நிழலில் ஒரு மணி நேரம் கிடத்தினார்கள், பார்வை திரும்பியது. அடுத்த வாரம் மீண்டும் மங்கியது, மீண்டும் திரும்பியது. பிறகு கால்கள். "அக்கா, காலுக்குக் கீழே பஞ்சு விரிச்ச மாதிரி இருக்கு, தரை தெரியலே" என்று இன்லண்டு கடிதத்தில் எழுதினான். மருத்துவ அறைக்குப் போவதற்குள் கால் சரியாகிவிடும். திரும்பி வந்தால் தோழர்கள் சிரிப்பார்கள். வேலைக்கு அஞ்சி நடிக்கிறான் என்னும் சொல் அவன் காதுபடவே உலவியது.

அச்சொல்லை நாங்களும் ஏறத்தாழ நம்பினோம் என்பதை இங்கே மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "குடும்பத்துக்குத் தலைகுனிவு வராமல் நடந்துகொள்" என்று அத்தானின் கையெழுத்தில் ஒரு மறுமொழி போயிற்று. அக்காளும் அதன் அடியில் இரண்டு வரி சேர்த்தாள். அக்கடிதத்தை அவன் தன் தகரப் பெட்டியில் இன்றளவும் வைத்திருக்கிறான். ஒரு முறையும் எடுத்துக் காட்டியதில்லை.

வந்துபோகும் அந்நோய்க்கு 1995-ஆம் ஆண்டில்தான் பெயர் கிடைத்தது. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையிலும் தண்டுவடத்திலும் வெண்திட்டுகள் தென்பட்டன. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் மருத்துவர். தமிழில் இன்று தண்டுவட மரப்பு நோய் என்கிறார்கள். பாரிசு நகரத்து மருத்துவர் ஷார்க்கோ 1868-ஆம் ஆண்டிலேயே தெளிவாக வரையறுத்த நோய் இது. நம் நரம்பிழைகளின்மேல், மின்கம்பியைச் சுற்றிய உறைபோல, மயலின் என்னும் கொழுப்புறை ஒன்று உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே திசைமாறி அவ்வுறையை அரித்துவிடுகிறது. அரித்த இடம் தழும்பாகி இறுகுகிறது. எவ்விடத்து உறை போயிற்றோ அவ்விடத்துச் செய்தி தடைபடும்: கண்ணாயின் பார்வை, தண்டுவடமாயின் கால், சிறுமூளையாயின் நிலைப்பு. தொடக்க ஆண்டுகளில் பலருக்கும் நோய் ஏறும், இறங்கும். பின்னர் இறங்க மறக்கும்.

வெப்பத்தில் கண் மங்கி நிழலில் தெளிந்த விந்தைக்கும் விளக்கம் இருந்தது. உறை இழந்த நரம்பு, உடற்சூடு சிறிது ஏறினாலும் செய்தி கடத்தத் தவறும். சூடு தணிந்தால் மீளும். உட்ஹாஃப் என்னும் செருமானியக் கண்மருத்துவர் 1890-ஆம் ஆண்டிலேயே இதை எழுதிவைத்தார். நூறாண்டுக்கு முன்பே நூலேறிய ஓர் உண்மையை அறியாமல் நாங்கள் எங்கள் பிள்ளையை நடிகன் என்று எண்ணியிருந்தோம்.

1996-ஆம் ஆண்டில் மருத்துவக் குழு அவனைப் பணிக்குத் தகுதியற்றவன் என்று வீட்டுக்கு அனுப்பியது. ஊனம் 40 விழுக்காடு என மதித்தது. வயது 28, பணிக்காலம் 9 ஆண்டு. சிப்பாய்க்குப் பணி ஓய்வூதியம் வேண்டுமானால் 15 ஆண்டு வேண்டும். நோயால் வெளியேறுவோர்க்கு உரிய ஓய்வூதியத்துக்கும் அந்நாளில் 10 ஆண்டு நிறைய வேண்டும். எனவே எஞ்சியது ஒரே வழி: ஊன ஓய்வூதியம். அதற்கு 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனம் வேண்டும். அவ்வூனம் படைப்பணியால் விளைந்தது அல்லது படைப்பணியால் மிகுந்தது என்பதும் ஏற்கப்பட வேண்டும். முதற்படியை அவன் கடந்தான். இரண்டாம் படியில் தடுக்கி விழுந்தான். 1997-ஆம் ஆண்டில் நான்கு வரியில் மறுமொழி வந்தது. நோய் உடலியல்பால் வந்ததாம், பணியோடு தொடர்பில்லையாம், கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று முடிந்திருந்தது.

ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றும் அதிலேயே கண்டிருந்தது. நாங்கள் செய்யவில்லை. எங்கள் வாழ்வின் பெரும்பிழை இதுவே. எங்களுள் ஒருவர் நடுவணரசு அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரி. மற்றவர் அத்தகைய இன்னோர் அலுவலகத்தில் தட்டச்சர். 'கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது', 'இயலாமைக்கு வருந்துகிறோம்' என்னும் தொடர்களை நாங்களே ஆயிரம் முறை வரைந்தும் அடித்தும் அனுப்பியவர்கள். கோப்பு ஒன்றைச் சொல்லிவிட்டால் அது தீர்ந்த செய்தி என்பது எங்கள் குருதியில் ஊறிப்போயிருந்தது. "குழு பார்த்து முடிவு செய்துவிட்டதப்பா. மனத்தைத் தேற்றிக்கொள்" என்றோம். "சரி அத்தான்" என்றான். பேசி முடித்திருந்த திருமணம் நின்றபோதும் அவன் அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னான்.

ஊருக்குப் போய்த் தாயோடு இருந்தான். 2005-ஆம் ஆண்டில் தாய் மறைந்தபின் எங்களிடமே வந்துவிட்டான். அப்போது கைத்தடி, சில ஆண்டுகளில் சக்கர நாற்காலி. இந்நோயின் முடக்கத்தை 0 முதல் 10 வரை அளக்கும் அளவுகோலை அமெரிக்க மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி 1983-ஆம் ஆண்டில் விரித்து அமைத்தார். அதன்படி 6 என்றால் ஒரு கோலின் துணையோடு 100 மீட்டர். 7 என்றால் ஐந்து மீட்டருக்குமேல் நடவாமை. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை ஒரு வீட்டின் கூடத்திலேயே நாங்கள் கண்டோம்.

2013-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு நாள், சங்கத்துக் கூட்டம் முடிந்து வெளியே நின்றிருந்தபோது, ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். தம்பியின் நிலையைக் கேட்டார். கேட்டுவிட்டு, "பதினாறு வருடமாகவா சும்மா இருந்தீர்கள்? தரம்வீர் சிங் தீர்ப்பு வந்து ஆறு மாதம் ஆகிறதே, அம்மா!" என்றார். அவர் சொல்லித்தான் அப்பெயரைக் கேள்விப்பட்டோம்.

தரம்வீர் சிங் 1985-ஆம் ஆண்டில் சிக்னல் படையில் சேர்ந்த சிப்பாய். வலிப்பு நோய் கண்டு 1994-ஆம் ஆண்டில், 9 ஆண்டுப் பணிக்குப்பின், 20 விழுக்காட்டு ஊனத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். உடலியல்பால் வந்த நோய், பணியோடு தொடர்பில்லை என்பதே அவருக்கும் கிடைத்த விடை. 2013 சூலை 2-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்விடையை ஏற்க மறுத்தது. 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகளை அது எடுத்துக்காட்டியது. சேரும்போது நோய்க்குறிப்பு ஏதும் பதியப்படாதவன் நலமுடன் சேர்ந்தவனாகவே கொள்ளப்பட வேண்டும். பின்னர் உடல்நலம் கெட்டு வெளியேற்றப்பட்டால் அக்கேடு பணியால் விளைந்ததாகக் கொள்ளப்பட வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு கோருபவன்மேல் இல்லை. ஐயத்தின் பயன் அவனையே சேரும். அவ்வாறன்று என்று மருத்துவக் குழு கருதினால், கருத்து மட்டும் போதாது. காரணம் எழுத வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்துக் குழுவின் நடவடிக்கைப் படியைப் பெற்றோம். காரணம் கூறுக என்று அச்சிட்டிருந்த இடத்தில் ஒரே ஒரு வரி: உடலியல்பு. அந்த வரியை நாங்கள் இருவரும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அது காரணமே அன்று. காரணம் தெரியாது என்பதற்கு இட்ட மாற்றுப்பெயர். தெரியாது என்று எழுதியிருந்தால் விதியின்படி ஐயத்தின் பயன் தம்பிக்குப் போயிருக்கும். தெரிந்ததுபோல் எழுதியதால் அது போகாமல் நின்றது.

படைத்துறைத் தீர்ப்பாயத்தின் தலைமை அமர்வு இதே இராமகிருஷ்ணபுரத்தின் 1-ஆம் செக்டாரில் 2009-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நம் சங்கக் கட்டடமோ 5-ஆம் செக்டாரில். வாரந்தோறும் சங்கத்துக்கு வந்து புறப்பாடலுக்கு உரை கேட்டுத் திரும்பிய நாங்கள், நான்கு செக்டார் தள்ளியிருந்த அவ்வாயிலை ஐந்தாண்டு அறியாதிருந்தோம். 2014-ஆம் ஆண்டில் மனு இட்டோம். 2016-ஆம் ஆண்டில் ஆணை வந்தது. ஊனம் பணியோடு தொடர்புடையது என ஏற்கப்பட்டது. 50-க்குக் குறைந்த விழுக்காட்டை 50 எனக் கொள்ளும் முறைப்படி 40 என்பது 50 ஆயிற்று.

ஆனால் நிலுவை? மனுவுக்கு முந்திய மூன்றாண்டுக்கு மட்டும். காலந்தாழ்த்தி வருவோர்க்கு அவ்வளவே என்று 2008-ஆம் ஆண்டில், தர்சேம் சிங் என்னும் வீரரின் வழக்கில், உச்சநீதிமன்றம் வரையறுத்திருந்தது. ஆக 2011 முதல் கிடைத்தது; 1996 முதல் 2011 வரை 15 ஆண்டு போயிற்று. அப்பதினைந்து ஆண்டை அவனிடமிருந்து பறித்தவர் வேறு எவரும் அல்லர். மனத்தைத் தேற்றிக்கொள் என்று சொன்ன நாங்களே.

வழக்கு நடந்த நாள்களில் பிறநாட்டார் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். அமெரிக்கச் சட்டம் ஒரு புதுமை செய்திருக்கிறது. படையிலிருந்து விலகியபின் ஓராண்டுக்குள் நாட்பட்ட நோய் ஒன்று குறிப்பிட்ட அளவு வெளிப்பட்டால், அது பணிக்காலத்தில் தோன்றியதாகவே கொள்வது அங்குப் பொதுவிதி. காசநோய்க்கும் தொழுநோய்க்கும் மூன்றாண்டு. இந்த ஒரு நோய்க்கு மட்டும் ஏழாண்டு. இது பதுங்கி வரும் நோய்; முதற்குறிக்கும் முழுப்பெயருக்கும் இடையே ஆண்டுகள் கழியும் என்பதைச் சட்டமே உணர்ந்து காத்திருக்கிறது. நோய் உறுதியாயின் மதிப்பீடு 30 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்குவதும் இல்லை. அரசு மறுக்கலாம், ஆனால் சான்றோடு மறுக்க வேண்டும்.

அந்த ஏழாண்டுப் பொறுமைக்கு ஒரு பயனும் விளைந்தது. கோரிக்கைகள் கோப்பாயின, கோப்புகள் அறிவாயின. முன்னர்ச் சொன்ன கர்ட்ஸ்கியும் அவர்தம் தோழர்களும் இரண்டாம் உலகப்போரிலும் கொரியப் போரிலும் பணியாற்றிய 5,305 நோயாளிகளின் ஆவணங்களை ஆராய்ந்து 1979-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வடமாநிலத்தார்க்கு நோய் மிகுதி, தென்மாநிலத்தார்க்குக் குறைவு என்பது அதனால் உறுதிப்பட்டது. 2022-ஆம் ஆண்டிலோ இன்னும் பெரிய செய்தி. வழக்கமான சோதனைக்கென எடுத்து அமெரிக்கப் படை சேமித்து வைத்திருந்த குருதியைக் கொண்டு, ஒரு கோடிக்கு மேற்பட்ட வீரர்களிடையே நோய் கண்ட 801 பேரை ஆர்வர்டு ஆய்வாளர்கள் பின்னோக்கித் தொடர்ந்தார்கள். ஒருவர் நீங்கலாக அனைவருக்கும் நோய் தோன்றுமுன் எப்ஸ்டீன்-பார் என்னும் நுண்ணுயிரி தொற்றியிருந்தது. அத்தொற்றுக்குப்பின் நோய்வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது. உலகில் வளர்ந்தோருள் ஏறத்தாழ 95 விழுக்காட்டினர் உடலில் உறங்கும் நுண்ணுயிரி அது. ஏன் மிகச் சிலருக்கு மட்டும் அது இந்நோயாக மாறுகிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது.

இதைப் படித்த அன்று எங்கள் வீட்டில் ஓர் உரையாடல் நடந்தது. "அப்போ பாலைவனத்தால வரலையா, அத்தான்?" என்று தம்பி கேட்டான். பொய் சொல்ல மனம் வரவில்லை. வெயில் நோயை வெளிக்காட்டியிருக்கலாம், உண்டாக்கியது என்று சொல்ல முடியாது என்றோம். "அப்போ நான் வாங்குற பணம்?" என்றான். வழக்கில் வென்றவன் கேட்ட அவ்வினாவுக்கு விடை தேடியதே இக்கட்டுரைக்கு வித்து.

எங்களுக்குத் தோன்றும் விடை இது. எது இந்நோயைத் தந்தது என்பதை எங்களாலும் சொல்ல முடியாது. மருத்துவக் குழுவாலும் சொல்ல முடியாது. இருதரப்பும் அறியாத ஒன்றின் பாரத்தை எத்தரப்பு சுமப்பது என்பதே உண்மையான வழக்கு. அரசு அவனை அளந்து, ஆராய்ந்து, குறையில்லை என்று கையொப்பமிட்டு ஏற்றது. எங்கே நில் என்றதோ அங்கே நின்றான். எப்போது ஓடு என்றதோ அப்போது ஓடினான். கண் மங்கிய நாளிலும் மருத்துவரைத் தேடிப்போகும் உரிமை அவன் கையில் இல்லை. உத்தரவின் கையில் இருந்தது. முழுதாக வாங்கிய ஒன்றைக் குறையாகத் திருப்பித் தரும்போது, குறைக்குக் காரணம் தெரியவில்லை என்றால், வாங்கியவரே அதைப் பொறுப்பது உலகியல். இரவல் வாங்கிய குடம் எப்படி விரிசல் கண்டது என்று தெரியாவிட்டாலும், இரவல் தந்தவரிடம் சான்று கேட்பார் உண்டோ? 1982-ஆம் ஆண்டு விதியின் உட்பொருள் இதுவென்றே கருதுகிறோம். உதிரப்பட்டி விட்டவர்களும் எந்த அம்பு எவன் வில்லிலிருந்து வந்தது என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இம்மலரைப் படிப்போர் வீடுகளிலும் படைவீரர் இருக்கலாம். ஆகையால் பட்டறிந்த சிலவற்றை இங்கே சொல்லிவைப்பது கடமை. சேர்ந்த நாளின் மருத்துவத் தாளும், டிஸ்சார்ஜ் புத்தகமும், மருத்துவக் குழுவின் படியும் கண்ணைப்போல் காக்கத்தக்கவை. உடலில் காணும் சிறு மாற்றத்தையும், நாணாமல், அன்றே மருத்துவ அறையின் ஏட்டில் பதியச் செய்க. மறுப்பு வந்தால் காலக்கெடுவுக்குள் முறையிடுக. உரிமை விதிகள் 2008-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் புதிதாக எழுதப்பட்டுள்ளன. எவ்வாண்டில் வெளியேறினாரோ அக்காலத்து விதியை ஆய்ந்தறிந்து கோருக. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்துபோகும் வலியை நடிப்பு என்று வீட்டாரே சொல்லாதிருக்க வேண்டும். ஊரார் சொல்லும்போது தாங்குகிற மனம், வீட்டார் சொல்லும்போது வாய்மூடிக்கொள்ளும். வாய்மூடியவனின் நோய் எந்த ஏட்டிலும் ஏறாது.

ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் நவம்பரில் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். சென்ற நவம்பரிலும் சான்று பதியும் இளைஞர் சிறு கருவியோடு வீட்டுக்கு வந்தார். தம்பியின் விரல் நடுங்கும். ஆகவே அக்காள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ள, அத்தான் விரலை மெல்ல அழுத்தினார். முதல் முறை ஏற்கவில்லை. இரண்டாம் முறையும் ஏற்கவில்லை. மூன்றாம் முறை பச்சை விளக்கு எரிந்தது.

"நான் உயிரோட இருக்கேன்னு இந்த வருஷமும் நம்பிட்டாங்க, அக்கா" என்று சிரித்தான்.

நாங்களும் சிரித்தோம். அவன் சொல்லை ஒரு காலத்தில் நம்பாதவர்கள் நாங்கள். இப்போது அவன் கையை இருவரும் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த இளைஞர் போனபின்னும் சிறிது நேரம் விடவில்லை.